சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் கிடைக்காத அம்மா குரூப் 4 தேர்வுக்கு எப்படிப் படிப்பது?

கேள்வி சுருக்கமாக இது: "திண்டுக்கல் பக்கம் இருக்கிறேன். ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை, காலை 10 மணிக்குப் போனால் இரவு 7 ஆகிவிடும். பெரியவள் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு. சின்னவனுக்கு இரண்டு வயது, பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். பி.காம். முடித்திருக்கிறேன். குரூப் 4 எழுதி அரசு வேலைக்குப் போக ஆசை. ஆனால் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. கோச்சிங் போகிறவர்கள் நாளுக்கு எட்டு மணி நேரம் படிக்கிறார்களாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து என்னால் ஏதாவது செய்ய முடியுமா?"

முடியும். எப்படி என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "தினமும் கொஞ்சம் படியுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

வார இறுதியில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். வருகிறவர்களில் உங்களைப் போன்ற அம்மாக்கள் நிறையப் பேர். அவர்கள் சொல்வதைக் கேட்டால் கதை ஒன்றுபோலவே இருக்கும். பிள்ளை தூங்கிவிட்டது, பத்து நிமிடம் கிடைத்தது, புத்தகத்தை எடுத்தேன். தமிழா, வரலாறா, கணக்கா? போன தடவை எங்கே விட்டோம்? நோட்டை எங்கே வைத்தேன்? இதெல்லாம் முடிவதற்குள் பிள்ளை எழுந்துவிட்டது. இப்படி இரண்டு வாரம் போனால் "நமக்கெல்லாம் இது ஒத்துவராது" என்று மனசு விட்டுப்போகிறது. பத்து நிமிடம் கையில் இருந்தது உண்மை. அந்தப் பத்து நிமிடத்துக்கான வேலைதான் முன்கூட்டியே தயாராக இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். துண்டு துண்டான நேரத்தில் புதுப்பாடம் மண்டையில் ஏறாது. ஆனால் ஏற்கெனவே படித்ததை நினைவுக்குக் கொண்டுவர அந்தத் துண்டு நேரம் தாராளமாகப் போதும். அதனால் படிப்பை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரவில் இருபது நிமிடம் புதிதாகப் படிப்பது. மறுநாள் பகல் முழுக்க, நான்கைந்து இடங்களில், ஐந்தைந்து நிமிடமாக, அதையே உங்களை நீங்களே கேட்டுப் பார்ப்பது. இரண்டும் சேர்ந்தால் நாளுக்கு நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். அதில் உட்கார்ந்து படிப்பது இருபது நிமிடம் மட்டும்தான்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 இந்த முறைக்கு ஒத்துவருவதற்கு அதன் வடிவமே காரணம். 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். எல்லாமே கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுப்பது. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். பாதித் தாள், அதாவது 100 கேள்விகள், தமிழ். அதில் குறைந்தது 40 சதவீதம் எடுத்தால்தான் மீதித் தாளையே திருத்துவார்கள். மீதி 100-ல் பொது அறிவு 75, கணக்கும் அறிவுக்கூர்மையும் 25. தகுதி பத்தாம் வகுப்பு என்பதால் ஆறிலிருந்து பத்து வரையிலான சமச்சீர் புத்தகங்கள்தான் அடிப்படை. பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதச் சொல்லும் தேர்வு அல்ல இது. சின்னச் சின்னத் தகவல்களாகவும் விதிகளாகவும் கேட்கிறார்கள், சின்னச் சின்னதாகவே படிக்கலாம். குரூப் 1, குரூப் 2 முதன்மைத் தேர்வுகளுக்கு இதே யோசனையைச் சொல்ல மாட்டேன். அங்கே மணிக்கணக்கில் எழுதிப் பழக வேண்டும்.

இரவு இருபது நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது என்று ஒரு பாடத்தை வைத்தே காட்டுகிறேன். வேலூர் புரட்சியை எடுத்துக்கொள்வோம். மூன்று நான்கு பக்கம் இருக்கும். ஒருமுறை முழுதாகப் படியுங்கள், அடிக்கோடு வேண்டாம். பிறகு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு சின்னச் சீட்டில் கேள்விகளை மட்டும் எழுதுங்கள். எந்த ஆண்டு, எந்த நாள்? சிப்பாய்களின் கோபத்துக்கு உடனடிக் காரணம் என்ன? அப்போது சென்னை மாகாண கவர்னர் யார்? படைத்தளபதி யார்? கோட்டைக்குள் சிறை வைக்கப்பட்டிருந்தது யாருடைய குடும்பம்? கலகத்தை அடக்கியவர் யார், எங்கிருந்து படை கொண்டுவந்தார்? விடைகள் சீட்டின் பின்பக்கம்: 1806 ஜூலை 10, புதிய தலைப்பாகை, வில்லியம் பெண்டிங், ஜான் கிரடாக், திப்பு சுல்தானின் குடும்பம், கில்லஸ்பி, ஆற்காடு. அவ்வளவுதான் இரவு வேலை. சீட்டை மறுநாள் கட்டப்போகும் புடவையிலோ கைப்பையிலோ வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

சீட்டில் பாடச் சுருக்கத்தை எழுதாமல் கேள்வியை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குறிப்பைத் திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். கண்ணுக்குப் பழகிவிட்டதை மனசு கற்றுக்கொண்டதாக எண்ணிக்கொள்ளும். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-ல் மாணவர்களை வைத்துச் செய்த சோதனை இதை நன்றாகக் காட்டியது. ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. உங்கள் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து நடப்பதில்லையே, மாதக்கணக்கில் நிற்க வேண்டும்.

இடைவெளி விட்டுக் கேட்பதும் முக்கியம். ஜெர்மானிய ஆய்வாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னைத்தானே சோதித்து எழுதிவைத்த விஷயம் இது. படித்தது முதல் நாளிலேயே வேகமாக மறக்கிறது. விட்டு விட்டுத் திரும்பப் பார்த்தால் மறதி மெதுவாகிறது. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் படிப்பவருக்கு இந்த இடைவெளி தானாக அமையாது, அவர் அதைத் திட்டம் போட்டுத்தான் உண்டாக்க வேண்டும். உங்கள் நாள் உங்களைக் கேட்காமலேயே அப்படித் துண்டாகிக் கிடக்கிறது. எட்டு மணி நேரம் படிப்பவரோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம் என்று சொல்வது உங்களைத் தேற்றுவதற்காக மட்டும் அல்ல.

இனி பகல். உங்கள் நாளில் எங்கெங்கே சீட்டு வெளியே வரும்?

காலையில் குக்கர் வைத்த பிறகு. சீட்டைச் சமையல் மேடைக்கு மேலே கண்ணுயரத்தில் கிளிப் போட்டு மாட்டுங்கள். கேள்விப் பக்கம் தெரியட்டும். ஒரு கேள்வியைப் பாருங்கள், வாய்விட்டு விடை சொல்லுங்கள், அடுத்ததுக்குப் போங்கள். தெரியாததற்கு மட்டும் சீட்டைத் திருப்புங்கள். விசில் வருவதற்குள் ஒரு சுற்று முடியும். இன்னொன்று: காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரை அது உண்டு. உங்கள் மகள் நான்காம் வகுப்பு. அவளுக்கு மட்டும் தனியாக எட்டு மணிக்குத் தோசை சுட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், பள்ளியிலேயே சாப்பிடப் பழக்குங்கள். பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து நன்றாகவே சாப்பிடுகிறார்கள். அதில் மிச்சமாகும் கால் மணி நேரம் உங்களுக்கு.

மகளுக்குத் தலை பின்னும் நேரம் தமிழுக்கு. அவளையே ஆசிரியராக்கிவிடுங்கள். சீட்டை அவள் கையில் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். யானை? பிளிறும். மயில்? அகவும். ஆந்தை? அலறும். கூகை? குழறும். அடுத்த நாள் செடிகொடிப் பெயர்கள்: வாழைத்தோட்டம், மாந்தோப்பு, கம்பங்கொல்லை. அதற்கடுத்து பிரித்தெழுதுதல்: செந்தமிழ் என்றால் செம்மை + தமிழ், வெண்குடை என்றால் வெண்மை + குடை. இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் 'மை' போய்விடுகிற விதி உங்களுக்கே பிடிபடும். பிறகு கருங்கடல் வந்தாலும் பசுந்தளிர் வந்தாலும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அம்மா தப்பாகச் சொல்வதைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கிற சந்தோஷம் தனி. அவளுக்கும் தமிழ் வரும். பாதித் தாள் தமிழ் என்பதால் இந்த ஐந்து நிமிடத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கடந்த சில ஆண்டுகளில் தமிழ்ப் பாடத்திட்டம் இலக்கணம், சொல்வளம், வாசித்துப் புரிந்துகொள்வது ஆகியவற்றின் பக்கம் சாய்ந்திருக்கிறது. நூலாசிரியர் பெயர்களை மட்டும் உருப்போட்டு வந்தவர்களைவிடப் பழகித் தெரிந்துகொண்டவர்களுக்கு இது சாதகம்.

பஸ்ஸில் சீட்டு உதவாது, பெரும்பாலும் நின்றுகொண்டுதான் போவீர்கள். அதற்குக் குரல் பதிவு. வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது. இரவு சீட்டு எழுதிய கையோடு அதையே பேசிப் பதிவு செய்யுங்கள்: கேள்வி, ஐந்து நொடி மௌனம், விடை. மறுநாள் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்டபடி போங்கள். அந்த ஐந்து நொடி மௌனத்தில் விடையை மனதுக்குள் சொல்லிவிட வேண்டும். மௌனம் இல்லாமல் பதிவு செய்தால் பாட்டுக் கேட்பதுபோல் காதில் விழுந்து போய்விடும். யூடியூப் வகுப்புகளிலும் இதே ஆபத்து உண்டு. நல்ல வகுப்புகள் இலவசமாகவே இருக்கின்றன, அரசே நடத்துவதும் உண்டு. ஆனால் ஒரு மணி நேர வீடியோ ஓடி முடிந்ததும் வரும் திருப்தியை நம்பாதீர்கள். புரியாத கணக்குக்கோ இலக்கண விதிக்கோ வீடியோ பாருங்கள். வரலாறும் புவியியலும் புத்தகத்தில் படித்தால் பாதி நேரம்கூட ஆகாது.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் முந்தின வாரத்துச் சீட்டு ஒன்றை எடுங்கள். புதியதைக் காலையில் பார்த்தாயிற்று, மதியம் பழையது. சீட்டுகளை மூன்று ரப்பர் பேண்டில் கட்டி வையுங்கள்: தினமும் பார்ப்பவை, வாரம் ஒருமுறை பார்ப்பவை, மாதம் ஒருமுறை பார்ப்பவை. ஒரு சீட்டில் எல்லா விடையும் தடுமாறாமல் வந்தால் அடுத்த கட்டுக்குப் போகும். ஒன்று தப்பினாலும் முதல் கட்டுக்கே திரும்பும். இதில் கறாராக இருங்கள். "தெரிஞ்சதுதான், நாக்கு நுனியில் இருக்கு" என்பதெல்லாம் தெரியாத கணக்கில்தான் சேரும்.

இந்தத் துண்டு நேரங்களில் கணக்கைச் சேர்க்கவில்லை, கவனித்தீர்களா? கணக்குக்குப் பேப்பர், பேனா, கலையாத கவனம் வேண்டும். இரவு இருபது நிமிடத்தில் வாரத்துக்கு இரண்டு நாளைக் கணக்குக்கு ஒதுக்குங்கள். 25 கேள்விகள் என்றால் முப்பத்தேழரை மதிப்பெண், விடக் கூடாது. விழுக்காடு, விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, மீ.சி.ம., மீ.பொ.வ., பரப்பளவு, கன அளவு, காலமும் வேலையும் என்று சில தலைப்புகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். உங்களுக்கு இதில் பயமே தேவையில்லை, பாதியை நீங்கள் கடையிலேயே செய்துகொண்டிருக்கிறீர்கள். 20 சதவீதம் தள்ளுபடி போக மேலும் 10 சதவீதம் என்று போர்டு வைப்பார்களே, மொத்தத் தள்ளுபடி எவ்வளவு? 30 என்று வாடிக்கையாளர் நினைப்பார். 100 ரூபாய்த் துணி 80-க்கு வந்து, அதில் 8 கழிந்து 72-க்கு நிற்கும், ஆக 28 சதவீதம். தேர்விலும் இதே கணக்குதான் வரும். மகளிர் குழுக் கடனில் மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். தனிவட்டியில் பணம் எப்போது இரட்டிப்பாகும் என்று கேட்டால், வட்டி அசலுக்குச் சமமாகும்போது. 100-ஐ 24-ஆல் வகுத்தால் நான்கு ஆண்டு இரண்டு மாதம். எட்டு சதவீதம் என்றால் பன்னிரண்டரை ஆண்டு. சூத்திரத்தை இப்படி உங்களுக்குத் தெரிந்த பணத்தில் போட்டுப் பார்த்தால் மறக்காது.

படிக்க முடியாத நாட்களுக்கு வருவோம். பிள்ளைக்குக் காய்ச்சல், தீபாவளிக் கடைக் கூட்டம், வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள், மாதவிலக்கு வலி. இவை வரும், தவிர்க்க முடியாது. அதனால் ஆரம்பத்திலேயே மாதத்துக்கு 25 நாள்தான் என்று கணக்கு வையுங்கள். நாளுக்கு நான்கு பக்கம் என்றால் மாதம் 100 பக்கம், பத்து மாதத்தில் 1000 பக்கம். போன ஐந்து நாள் போகட்டும், அதை ஈடுகட்ட மறுநாள் இரண்டு மடங்கு படிக்க உட்காராதீர்கள். அந்த இரண்டு மடங்குதான் ஆளைக் கவிழ்க்கும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து, ஒரு புதிய செயல் எத்தனை நாளில் பழக்கமாகிறது என்று பார்த்தார்கள். சராசரியாக 66 நாள் வந்தது. சிலருக்கு 18, ஒருவருக்கு 254 நாள்கூட ஆகும் என்ற கணக்கு. 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று பலரும் சொல்வது அந்தக் கணக்கோடு பொருந்தவில்லை. நமக்கு அதைவிடத் தேவையான செய்தி ஒன்றும் அதில் இருந்தது. இடையில் ஒரு நாள் தவறுவது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. கெட்ட நாளுக்கென்று ஒரு குறைந்தபட்ச வேலையை வைத்துக்கொள்ளுங்கள்: பழைய சீட்டில் ஐந்தே கேள்வி. மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்தும் அதைச் செய்யலாம். முடியவே இல்லையா, விட்டுவிடுங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம்.

தூக்கத்தில் கைவைக்காதீர்கள். நாலு மணிக்கு எழுந்து படித்தேன் என்று பேட்டி கொடுப்பவர்களைப் பார்த்து, இரவில் இருமுறை எழும் இரண்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நீங்களும் நாலு மணிக்கு எழ வேண்டியதில்லை. படித்தது நினைவில் பதிவதே தூக்கத்தில்தான் பெருமளவு நடக்கிறது.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம், வீட்டு ஆட்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களில் வீட்டு வேலை செய்கிறவர்கள் செலவிடுவதே 97 நிமிடம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேரவில்லை, அது தனி. சின்னச் சின்ன வேலையால் முன்னேறலாம் என்று சொல்லும்போது, இந்த 299 அப்படியே இருக்கட்டும், அதற்கு நடுவில் நீ சாமர்த்தியமாகப் படித்துக்கொள் என்று பெண்ணிடம் மட்டும் சொல்வது நியாயமில்லை. இரவு இருபது நிமிடத்தை நீங்களே ஏற்படுத்திக்கொள்ளலாம். ஆனால் மாதத்துக்கு ஒருமுறையாவது மூன்று மணி நேர மாதிரித் தேர்வு எழுத வேண்டும், அதற்குத் துண்டு நேரம் உதவவே உதவாது. 200 கேள்விகளை 180 நிமிடத்தில் முடிப்பது உட்கார்ந்து பழகினால்தான் வரும். அந்த மூன்று மணி நேரத்தை வீடுதான் தர வேண்டும்.

கேட்கும் முறை ஒன்று சொல்கிறேன். "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. "மாதத்தில் இரண்டாவது ஞாயிறு காலை 9:30 முதல் 12:30 வரை எனக்குத் தேர்வு. அன்றைக்குக் காலைச் சாப்பாடு, இரண்டு பிள்ளைகளின் குளியல், சின்னவனின் தூக்கம் மூன்றும் உங்கள் பொறுப்பு" என்று கணவரிடம் நாளும் மணியும் குறித்துச் சொல்லுங்கள். உண்மையான தேர்வும் அதே நேரத்தில்தான் நடக்கிறது. மதியத்துக்கு என்ன குழம்பு, துண்டு எங்கே என்று உங்களைக் கேட்டுக் கேட்டுச் செய்தால் அது பொறுப்பேற்றது ஆகாது. வீட்டில் இருந்தால் பிள்ளை கதவைத் தட்டும், ஆகவே பக்கத்து நூலகத்துக்குப் போய்விடுங்கள். மாவட்ட மைய நூலகங்களில் போட்டித் தேர்வுக்கென்றே இடம் இருக்கிறது. ஞாயிறு திறந்திருக்குமா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மாமியாரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். பகல் முழுக்க சின்னவனைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். "வேலை கிடைத்தால் எல்லாருக்கும் நல்லது, அத்தை. உங்களால்தான் என்னால் படிக்க முடிகிறது" என்று மனதார ஒருமுறை சொல்லிவிட்டால், இரவில் நீங்கள் புத்தகத்தோடு உட்காரும்போது எழும் முணுமுணுப்பு பெரும்பாலும் அடங்கிவிடும்.

சான்றிதழ்களையும் சின்ன வேலைகளாகப் பிரித்து இப்போதே தொடங்குங்கள். திருமணமான பெண்கள் தடுமாறுகிற இடம் இது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சாதிச் சான்றிதழ் உங்கள் அப்பா பெயரில் இருக்க வேண்டும், கணவர் பெயரில் வாங்கியது செல்லாது. அடுத்தது தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழ். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. குரூப் 4-க்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். தொடக்கப் பள்ளி ஒன்று, உயர்நிலைப் பள்ளி வேறொன்று என்றால் இரண்டு பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் வாங்க வேண்டும். உங்கள் பள்ளிகள் அம்மா வீட்டு ஊரில்தான் இருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பள்ளி நடக்கிற நாளாகப் பார்த்துப் போய் வாங்கிவிடுங்கள். அறிவிப்பு வந்த பிறகு கைக்குழந்தையோடு ஓடுவது கொடுமை. மூன்றாவது, பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து, ஆதாரில் கணவரின் முதலெழுத்து என்று இருந்தால் இப்போதே கவனியுங்கள். தேர்வாணைய இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு 150 ரூபாய், ஐந்து ஆண்டுக்குச் செல்லும். தேர்வுக் கட்டணம் தனி. அதில் பல பிரிவினருக்குச் சலுகை இருக்கிறது, ஆதரவற்ற விதவைகளுக்கு முழு விலக்கு. வயது வரம்பும் பிரிவுக்கும் கல்வித் தகுதிக்கும் ஏற்ப மாறுவதால், வயதாகிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாமல் அறிவிப்பில் உங்கள் பிரிவைத் தேடிப் பாருங்கள்.

போட்டி எவ்வளவு என்பதையும் மறைக்கக் கூடாது. 2024 ஜூன் 9-ல் நடந்த குரூப் 4 தேர்வுக்குச் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், 15 லட்சத்துக்கு மேல் எழுதினார்கள். இடங்கள் சில ஆயிரம்தான். பெண்களுக்குக் குறைந்தது 30 சதவீத ஒதுக்கீடு இருப்பது உதவும், ஆனாலும் முதல் முறையிலேயே கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இரண்டு தேர்வுகளை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். முதல் தேர்வுக்குத் தமிழையும் கணக்கையும் பலமாக்கிக்கொண்டு போங்கள். பொது அறிவில் வரலாறு, அரசியலமைப்பு, தமிழ்நாட்டு வளர்ச்சி நிர்வாகம் மூன்றும் கையில் இருக்கட்டும். அடுத்ததற்கு அறிவியல், புவியியல், பொருளாதாரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொட்டால் எதுவும் நிற்காது. இன்னொன்றும் இருக்கிறது. இதே புத்தகங்கள், இதே சீட்டுகள் காவலர் தேர்வுக்கும், கூட்டுறவு வங்கித் தேர்வுக்கும், நீதிமன்ற உதவியாளர் பணிகளுக்கும் பெருமளவு பயன்படும். போட்ட உழைப்பு ஒரே வாசலை நம்பி நிற்கவில்லை.

முன்னேற்றம் இருக்கிறதா என்பதை எத்தனை மணி நேரம் படித்தோம் என்று பார்த்து அளக்காதீர்கள். மாதாந்திர மாதிரித் தேர்வில் தமிழ் எத்தனை, பொது அறிவு எத்தனை, கணக்கு எத்தனை என்று மூன்று எண்களை காலண்டரில் எழுதுங்கள். முதல் இரண்டு மாதம் பெரிதாக ஏறாது. சீட்டுகள் சேரச் சேர மூன்றாம், நான்காம் மாதத்திலிருந்து தமிழ் எண் முதலில் நகரும். நகரவில்லை என்றால் தப்பான கேள்விகளை எடுத்துப் பாருங்கள். படிக்காத பகுதியா, படித்து மறந்ததா, தெரிந்தும் அவசரத்தில் தவறியதா என்று மூன்று வகையாகப் பிரியுங்கள். படித்து மறந்தது அதிகம் என்றால் இரவுப் படிப்பை ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் பழைய சீட்டுகளை மட்டும் கேளுங்கள். அவசரத்தில் தவறியது அதிகம் என்றால் கேள்வியை முழுதாகப் படிக்கும் பழக்கம் வேண்டும். 'தவறானது எது', 'பொருந்தாதது எது' என்பதை 'சரியானது எது' என்று படித்துவிட்டு மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

விடைத்தாளில் நிழலிடுவதையும் வீட்டிலேயே பழகுங்கள். ஓஎம்ஆர் தாளின் மாதிரியை நகல் கடையில் எடுத்து, கறுப்பு பால்பாயிண்ட் பேனாவால் நிரப்புங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆனால் ஐந்தாவதாக 'விடை தெரியவில்லை' என்று ஒரு வட்டம் இருக்கிறது. தெரியாத கேள்விக்கு அதையாவது நிழலிட வேண்டும். எதையும் தொடாமல் காலியாக விட்டால்தான் மதிப்பெண் கழிப்பார்கள். ஓரளவு ஊகிக்க முடிகிற கேள்வியில் அந்த ஐந்தாவது வட்டத்துக்குப் போகாமல் துணிந்து ஒரு விடையைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த வாரம் புத்தகத்தைத் தொட வேண்டாம். தேர்வாணைய இணையதளத்தில் பழைய குரூப் 4 வினாத்தாள் இருக்கும். ஒன்றை நகல் எடுத்து, ஒரே மூச்சில் முடியாவிட்டாலும் பரவாயில்லை, இரவுக்கு ஐம்பது கேள்வியாக நான்கு இரவில் எழுதி முடியுங்கள். எதையும் படிக்காமல் எழுதுவதால் மதிப்பெண் குறைவாகத்தான் வரும், அதற்காக வருந்தாதீர்கள். தமிழ், பொது அறிவு, கணக்கு மூன்றிலும் எத்தனை சரி என்று தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். முதல் மாதச் சீட்டுகளை எந்தப் புத்தகத்தின் எந்தப் பாடத்திலிருந்து தொடங்குவது என்று பார்த்துச் சொல்கிறேன்.